குருவி லீவு போட்ட கதை

எங்கள் யார்டில் அவனுக்குப் பெயர் குருவி. ஆளை நேரில் பார்த்தால் சிரித்துவிடுவீர்கள். வாசலில் குனிந்துதான் நுழைவான். நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி முனகும். அப்படிப்பட்ட மலைக்குக் குருவி என்று பெயர் வந்ததற்குக் காரணம் அவன் உட்காரும் இடம். கான்கிரீட் பலகைகள் வார்க்கும் யார்டு எங்களுடையது. கட்டடங்களுக்கு வேண்டிய சுவர், தரை எல்லாவற்றையும் முழுசு முழுசாக இங்கேயே வார்த்து, காயவைத்து, லாரியில் ஏற்றி அனுப்புவோம். அந்தப் பலகைகளைத் தூக்கி நகர்த்தும் பெரிய கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. காலையில் ஏணி ஏறி அதற்குள் உட்கார்ந்தான் என்றால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவான்.

நான் கீழே நிற்பவள். ஆரஞ்சு நிற மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, தூக்கு, இறக்கு, இந்தப் பக்கம் வா, நிறுத்து என்று கையைக் காட்டி மேலே இருப்பவனுக்குச் சொல்வது என் வேலை. வாக்கி டாக்கி கொடுத்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. கலவை மெஷின் ஓடும் சத்தத்தில் அதில் வருவதெல்லாம் கரகரப்புதான். அதனால் கைதான் பேசும். யார்டில் எல்லோருக்கும் நான் சிக்னல் அக்கா. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். கொஞ்சம் எல்லாம் இல்லை, நன்றாகவே நீளம். தலைக்கு மேலே டன் கணக்கில் கான்கிரீட் தொங்கும்போது இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டிருக்க எனக்குத் தெரியாது.

குருவியின் வேலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பாதி நேரம் அவன் எதை இறக்குகிறான் என்பது அவனுக்கே தெரியாது. அடுக்கிவைத்த பலகைகளுக்குப் பின்னால் லாரி நிற்கும். கூண்டிலிருந்து பார்த்தால் லாரியும் தெரியாது, அதில் நிற்கும் ஆளும் தெரியமாட்டான். என் கை மட்டும்தான் தெரியும். அந்தக் கையை நம்பி, ஒரு வீட்டுச் சுவரையே கொண்டுவந்து, லாரித் தட்டின் மேல் சத்தமே வராமல் வைப்பான். கை காட்டாவிட்டால் விரல் அளவுகூட நகர்த்த மாட்டான். யார் கத்தினாலும் சரி, முதலாளியே வந்து நின்றாலும் சரி. சுமை கொக்கியில் இருக்கும்வரை அவனுக்கு மூக்கு அரிக்காது, தாகம் எடுக்காது, ஒன்றுக்கு வராது. "அது எப்படிடா முடியுது?" என்று ஒருநாள் கேட்டேன். "தொங்கறப்ப வேற எதுவும் ஞாபகம் வராதுக்கா" என்றான்.

அவன் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். காதுக்குப் பின்னால் அழுத்தாமல் சட்டத்தை வளைத்துப் பொருத்திக் கொடுப்பதில் கெட்டிக்காரி. என் கண்ணாடிகூட அவள் கை பட்டதுதான். இரண்டு பேரும் ஒரு குழந்தைக்காகப் பல வருஷம் காத்திருந்தார்கள். ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. "என்ன, விசேஷம் ஏதும் இல்லையா?" என்று கேட்பவர்களிடம் அவன் சும்மா சிரித்துவிட்டு ஏணியில் ஏறிவிடுவான். அங்கே வந்து யார் கேட்க முடியும்? கடைசியில் அவள் உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தியை அவன் என்னிடம் சொன்னபோது, நான் நடு யார்டில் நின்று விசில் அடித்தேன். நாலு லாரிக்காரர்கள் பிரேக் போட்டார்கள்.

கேன்டீன் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ரொம்ப நாளாக ஒட்டியிருந்தது. குழந்தை பிறந்தால் அப்பாவுக்கும் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, குழந்தை பிறந்த அன்றிலிருந்து கணக்கு. தீயணைப்புக் குறிப்புகளுக்கும் தொலைந்த சாவி அறிவிப்புக்கும் நடுவில் அது பாட்டுக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. ஒரு ஆண்பிள்ளைகூட அதை எடுத்ததில்லை. குழந்தை பிறந்த மறுநாளே வேலைக்கு வருவார்கள், முதுகில் நாலு தட்டு வாங்கிக்கொள்வார்கள், மெஷினைப் போடுவார்கள். "பெத்தவ படுத்திருக்கா, நியாயம். இவன் எதுக்குப் படுக்கணும்?" என்று கலவை மெஷின்காரர் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான் சிரித்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் என் இரண்டு பிள்ளைகளையும் கழுத்து நின்ற பிறகுதான் தொட்டே பார்த்தார். "எனக்குப் பயமா இருக்குடி" என்று தள்ளியே நின்றார். அது அப்படித்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

குருவியின் குழந்தை சொன்ன நேரத்துக்கு வரவில்லை. இரண்டு மாதத்துக்கும் மேலே முந்திக்கொண்டு வந்துவிட்டது. அவன் மனைவிக்கு ரத்த அழுத்தம் திடீரென்று எகிறி, கண் இருட்டி, கடையிலேயே விழுந்துவிட்டாள். அவசரமாக வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒரு கிலோவை எட்டிப் பிடித்த மாதிரி எடை. அம்மா ஒரு மாடியில் நினைவு தப்பிப் படுத்திருக்க, பிள்ளை இன்னொரு மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது.

மறுநாள் காலையில் இந்த மனுஷன் வேலைக்கு வந்து நிற்கிறான்! எனக்கு விஷயம் எதுவும் தெரியாது. முகம் சரியில்லை என்று மட்டும் பார்த்தேன். ஏறினான், முதல் பலகையைத் தூக்கினான். பாதி தூரம் வந்ததும் பலகை ஆட ஆரம்பித்தது. குருவியின் கையில் பலகை ஆடி நான் பார்த்ததே இல்லை. நிறுத்து என்று கையை வீசினேன். நின்றது, ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. கீழே இருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். அது தானாக அடங்கும்வரை காத்திருந்து, மெதுவாகத் தரையில் வைக்கச் சொல்லி, இறங்கி வா என்று கூப்பிட்டேன்.

"என்னடா ஆச்சு உனக்கு? ஆளக் கொல்லப் பாத்தியே, அறிவிருக்கா?" என்று ஒரு பிடி பிடித்தேன்.

அப்போதுதான் சொன்னான், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். 

"அடப்பாவி, அப்புறம் இங்க எதுக்குடா வந்த? அதான் லீவு இருக்குல்ல?"

"இப்ப எடுத்தா ரெண்டு வாரத்துல தீந்துடும்க்கா. அவ ஆஸ்பத்திரிலேர்ந்து வர எத்தனை மாசம் ஆகுமோ. வீட்டுக்கு வர்றப்ப நான் இருக்க வேணாமா? அதுக்காகச் சேத்து வெக்கலாம்னு..."

"சேத்து வெக்க முடியாதுடா. பொறந்த அன்னிலேர்ந்து கணக்குன்னு போட்டிருக்கான் பாரு. எடுத்தாலும் எடுக்காட்டியும் அது ஓடிக்கிட்டுதான் இருக்கு."

அவன் அப்படியே ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டான். அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் அதே கூண்டில் உட்கார்ந்து கிரேன் ஓட்டியவர்தான். இன்னமும் வருஷா வருஷம் பரீட்சை எழுதி லைசென்ஸைப் புதுப்பித்துக்கொள்வார். எதற்கு என்று கேட்டால், "சும்மா, இருக்கட்டும்" என்பார். எல்லாம் பந்தா. கட்டடக்காரர்கள் போன் போட்டுத் திட்டிக்கொண்டிருந்தார்கள், வெளியே லாரிகள் வரிசையில் நின்றன, கூண்டு காலி. அவருடைய தலைவலியும் எனக்குப் புரியாமல் இல்லை.

"எனக்கு மூணு புள்ளங்கப்பா. ஒண்ணுக்கும் நான் லீவு போடல" என்றார். "புள்ள பெட்டிக்குள்ள இருக்கு. நர்ஸுங்க இருக்காங்க, டாக்டருங்க இருக்காங்க. நீ அங்க போய் என்ன பண்ணப் போற? வெளியில பெஞ்சுல உக்காந்து சொவத்தப் பாத்துக்கிட்டிருப்ப. அதுக்கு இங்க இருந்தா மனசாவது வேற பக்கம் போகும்."

குருவி என்னைப் பார்த்தான். அவனுக்கும் அது தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"சார், இன்னிக்கு இவன மேல ஏத்தினா, இவன் கைல யாராவது சாவாங்க. அப்ப நீங்களும் ஜெயில்ல சொவத்தத்தான் பாத்துக்கிட்டிருக்கணும்" என்றேன்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். எங்கள் யார்டில் அப்பாவுக்கான விடுப்பை எடுத்த முதல் ஆள் இவன்தான். செய்தி பரவியதும் சிலர் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். கலவை மெஷின்காரர், "கொடுத்து வெச்சவன்பா" என்று ஒரு மாதிரி இழுத்தார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன், அவர் மெஷினைப் போட்டுவிட்டார்.

நாலைந்து நாள் கழித்து, வேலை முடிந்து அவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியில் அவன் மாமியார் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவுக்கு விடாத இருமல். குழந்தைகள் இருக்கும் அறைப் பக்கமே விடமாட்டேன் என்று நர்ஸ்கள் சொல்லிவிட்டார்கள்.

"மாப்பிள்ளை உள்ளதான் இருக்கார். போய்ப் பாருங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சட்டை இல்லாம உக்காந்திருக்கார். எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றார்.

சட்டை இல்லாமலா? செருப்பைக் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, அவர்கள் கொடுத்த பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். மங்கலான வெளிச்சம். வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். மூலையில் ஒரு சாய்வு நாற்காலியில் நம்ம ஆள், வெறும் மார்போடு. நெஞ்சின் மேல் ஒரு துணி சுற்றியிருந்தது. அதற்கு மேலே கம்பளிக் குல்லா ஒன்று தெரிந்தது. எலுமிச்சம்பழத்துக்குப் போடும் அளவுக்குத்தான் இருந்தது குல்லா. அதற்குள் ஒரு தலை இருந்தது.

கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். கடவுளே! இரண்டு பெற்றவள் நான், ஆனால் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. காதுமடல் இன்னும் சரியாக மடியவில்லை. தோலுக்குள் ஓடும் நரம்பெல்லாம் வெளியே தெரிகிறது. மூக்கில் நூல் மாதிரி ஒரு குழாய். அவன் கட்டைவிரல் நகத்தில் அடங்கிவிடும் ஒரு கை, அந்தக் கை அவன் மார்பு முடியைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. வலிக்கும்தானே? அவன் அசையவில்லை. கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பி, "அக்கா" என்று உதட்டை அசைத்தான்.

அந்த அறைக்குப் பொறுப்பு ஒரு குள்ளமான தலைமை நர்ஸ். அவர்தான் எனக்கு விளக்கிச் சொன்னார்.

"சீக்கிரம் வந்துட்டாங்கல்ல, அதனால மூச்சு விடணும்ங்கறதே சில சமயம் மறந்துடுவாங்க. பெட்டிக்குள்ள மறந்தா மெஷின் கத்தும். நாங்க ஓடிவந்து பாதத்தத் தட்டுவோம், ஞாபகம் வந்துடும். இந்தப் பொண்ணு நாளைக்குப் பல தடவை மறப்பா. ஆனா அப்பா நெஞ்சுல படுத்தா மறக்கறதே கொறஞ்சு போயிடுது. அவர் மூச்சு ஏறி எறங்குதுல்ல, அது கூடவே இவளும் ஏறி எறங்குறா. சூடும் அவர் ஒடம்புலேர்ந்துதான்."

"மருந்து கொடுக்கறீங்கதானே?"

"கொடுக்கறோம். எல்லாம் கொடுக்கறோம். ஆனா இது மருந்துக்கடையில கெடைக்காதும்மா." அவர் மெஷினைக் காட்டினார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் பச்சை எண் ஒன்று நிதானமாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. "அம்மாதான் இதச் செய்யணும். அவங்களுக்குக் காய்ச்சல், புண்ணுல சீழ் வெச்சிருக்கு, இந்தப் பக்கம் வரவே முடியாது. அப்பாக்கள உக்காரச் சொன்னா அர மணி நேரத்துல முதுகு வலிக்குது, போன் வருதுன்னு எந்திரிச்சிடுவாங்க. இவர் காலைல உக்காந்தா மதியம் வரைக்கும் கல்லு மாதிரி இருக்கார். தண்ணிகூடக் கேக்கல. இப்படி ஒரு ஆள நான் பாத்ததில்ல."

 அங்க போய் என்ன பண்ணப் போற என்று மேனேஜர் கேட்டாரே, இதோ இதைத்தான் பண்ணிக்கொண்டிருந்தான். ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தான், அதில் ஒரு உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது நர்ஸ், "சரிப்பா, துணி மாத்தணும். நீங்களே மெதுவா எடுத்துப் பெட்டியில வெச்சிடுங்க, பழகிக்கணும்ல" என்றார். குருவியின் முகம் வெளிறிவிட்டது. இரண்டு கையையும் குழந்தையின் அடியில் கொண்டுபோனான். அதற்கு மேல் நகரவில்லை. நர்ஸ் மறுபடி சொன்னார். ம்ஹும். அவன் கண் என்னையே பார்த்தது.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. குழந்தை இருப்பது அவன் தாடைக்கு நேர் கீழே. கழுத்தை எப்படி வளைத்தாலும் அவனுக்குக் குல்லா நுனிதான் தெரியும். தலை எங்கே, குழாய் எங்கே, கால் எதில் மாட்டியிருக்கிறது, ஒன்றும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததைக் கை காட்டாமல் இந்த மனுஷன் எப்படி நகர்த்துவான்? இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் செய்ததில்லையே!

அவன் எதிரில் போய் நின்றேன். ஒரு உள்ளங்கையை விரித்து, அதன் மேல் மறுகையால் தூக்கு என்று காட்டினேன். யார்டில் அப்படிக் காட்டினால் மெதுவாகத் தூக்கு என்று அர்த்தம். உடனே அவன் தோள் இறங்கியது, கை எழுந்தது. குழாய் இழுபடுவதைப் பார்த்து நிறுத்து என்றேன், நின்றான். நர்ஸ் குழாயை ஒதுக்கிவிட்டார். இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம், இறக்கு, இறக்கு, மெதுவாக. பெட்டியின் மெத்தை மேல் அவள் வந்து படுத்ததே அவளுக்குத் தெரியவில்லை. தூக்கத்தில் உதட்டைச் சப்பிக்கொண்டாள்.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அதென்ன கை, எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றார். அன்றைக்கே அந்த அறை நர்ஸ்கள் எல்லோரும் கிரேன் சைகை கற்றுக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் என்பது ஒரு நேரமா? முடிய இரண்டு நாள் இருக்கும்போது அவன் எனக்கு போன் செய்தான். மனைவிக்கு நினைவு வந்துவிட்டது, பேசுகிறாள், ஆனால் காய்ச்சல் விடவில்லை. போனில் எடுத்த படங்களைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்குப் போட்டோ வேணாம்" என்கிறாளாம். குழந்தை பெட்டிக்குள் வைத்தால் இன்னும் மூச்சை மறக்கிறது. முந்தின நாள் பாதத்தைத் தட்டியும் ஞாபகம் வர நேரமாகி, உடம்பு நீலம் பாய்ந்துவிட்டது.

"நான் வேலைக்கு வந்துட்டா அவ யார் நெஞ்சுலக்கா படுப்பா?" என்று கேட்டான்.  வேலையை விட்டுவிடலாம் என்றால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எங்கே போவான்?

மறுநாள் காலையில் மேனேஜர் அறைக்குள் நுழைந்தேன். அவர் கையை விரித்தார். "நான் என்னம்மா பண்றது? விதி ரெண்டு வாரம்னு சொல்லுது. மேல எழுதிப் போடறேன். வெளியிலேர்ந்து கூப்பிட்ட ஆளும் நேத்தோட போயிட்டான். பதில் வர்ற வரைக்கும் ஆளில்லாம நான் யார்ட எப்படி ஓட்டறது?"

"சார், ஒரே ஒரு தடவை வந்து பாருங்க. பாத்துட்டு, உங்க வாயாலயே அவன வேலைக்குக் கூப்பிடுங்க. நான் ஒரு வார்த்தை பேசல."

நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சொன்னதில்தான் ஆள் ஆடிப்போயிருக்க வேண்டும். மதிய இடைவேளையில் தன் காரிலேயே என்னை ஏற்றிக்கொண்டு வந்தார்.

நாங்கள் போனபோது குழந்தை பெட்டிக்குள் இருந்தது. குருவி அப்போதுதான் மனைவியைப் பார்த்துவிட்டு வந்து கைகழுவிக்கொண்டிருந்தான். மேனேஜர் பெட்டியின் மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெஷின் கத்தியது. பச்சை எண் சரிந்தது. நர்ஸ் ஓடிவந்து பாதத்தைத் தட்டினார், முதுகை வருடினார். மறுபடி தட்டினார். அந்தச் சின்ன மார்பு கொஞ்சநேரம் அப்படியே கிடந்து, பிறகு ஒரு விக்கலோடு எழும்பியது. மேனேஜர் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார், விரல் வெளுத்திருந்தது.

குருவி வந்தான், சட்டையைக் கழற்றினான், உட்கார்ந்தான். நர்ஸ் குழந்தையை அவன் நெஞ்சில் வைத்துத் துணியைச் சுற்றினார். எண் ஏறியது, நின்றது. நாங்கள் இருந்த நேரம் முழுவதும் மெஷின் ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

"இதுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்?" என்று மேனேஜர் நர்ஸிடம் மெல்லக் கேட்டார். "ஏதாவது பயிற்சி உண்டா?"

"ஒண்ணும் வேணாம் சார். தோலு வேணும், நேரம் வேணும்."

வெளியே வந்தோம். அவர் வராந்தா ஜன்னல் பக்கம் நின்றுவிட்டார். "என் ரெண்டாவது பொண்ணும் பெட்டியிலதாம்மா இருந்தா" என்றார். "கண்ணாடிக்கு வெளியில நின்னு பாத்துட்டு ஷிப்டுக்குப் போயிடுவேன். உள்ள வரலாம்னு யாரும் சொல்லல. நானும் கேக்கல." பிறகு போனை எடுத்து யாருக்கோ போட்டார். "என்னம்மா, சாப்ட்டியா? இல்ல, ஒண்ணுமில்ல. சும்மாதான். காலேஜ்ல இருக்கியா? சரி சரி, வெச்சிடறேன்." போனைச் சட்டைப்பையில் போட அவருக்கு இரண்டு தடவை தவறியது.

அன்று மதியம் எங்கள் யார்டு பார்த்ததை யாரும் மறக்கமாட்டார்கள். மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார், தலைக்கவசத்தை மாட்டினார், நேராக ஏணிக்குப் போய் ஏற ஆரம்பித்தார். தொப்பை ஒவ்வொரு படியிலும் இடித்தது. பாதியில் நின்று மூச்சு வாங்கினார். கலவை மெஷின்காரர் மெஷினையே அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"சார், பாத்து!" என்று கத்தினேன்.

"உன் வேலையப் பாரும்மா! கையக் காட்டு!" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

முதல் பலகையைக் கொஞ்சம் தடுமாறித்தான் வைத்தார். நான் நாலு வார்த்தை திட்டினேன். மேனேஜரை எல்லோர் எதிரிலும் திட்டும் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? சாயந்திரத்துக்குள் கை பழகிவிட்டது. மறுநாளும் ஏறினார், அதற்கு மறுநாளும் ஏறினார். காலையில் கூண்டு, சாயந்திரம் அறையில் காகித வேலை. குருவியைக் கூப்பிடவும் இல்லை, அவன் சம்பளத்தைப் பிடிக்கவும் இல்லை. யார்டின் மறுகோடியில் சின்ன கிரேன் ஓட்டுபவர் இதைப் பார்த்தார், வெட்கமாகப் போயிருக்க வேண்டும், மதியத்துக்கு மேல் நான் ஏறுகிறேன் என்று தானே வந்து சொன்னார். கலவை மெஷின்காரர் என்னிடம் வந்து, "புள்ள எப்படி இருக்கு?" என்று கேட்டார், அன்றிலிருந்து தினமும் கேட்டார். மேலே எழுதிப் போட்ட கடிதத்துக்குப் பதில் வந்தது. பரிசீலனையில் இருக்கிறதாம். நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும் இந்த நிமிஷம்வரை பரிசீலனையில்தான் இருக்கிறது. நன்றாகப் பரிசீலிக்கட்டும், பாவம்.

கடைசியில் ஒருநாள் குருவியின் மனைவிக்குக் காய்ச்சல் முழுசாக விட்டது. குழந்தையிடம் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குருவி என்னைக் கட்டாயம் வரச் சொன்னான். சக்கர நாற்காலியில் அவளை அறை வாசல்வரை அவள் அம்மா தள்ளிக்கொண்டு வந்து, வாயில் துணியை வைத்துக்கொண்டு வெளியே நின்றார். உள்ளே நான் தள்ளிக்கொண்டு போனேன். 

"அக்கா, இவ்வளவு நாள் அவர்கிட்டயே இருந்துட்டா" என்றாள். "என்கிட்ட வந்து மூச்ச மறந்துட்டான்னா?"

"சும்மா இருடி, பெத்தவ நீ" என்றேன். சொல்லிவிட்டேனே ஒழிய, என் கண்ணும் பச்சை எண்ணைத்தான் தேடியது.

அவளைச் சாய்த்து உட்காரவைத்து, அங்கியை விலக்கினார்கள். குருவி எழுந்து வந்து, நர்ஸ் கை காட்ட, தன் நெஞ்சிலிருந்து குழந்தையை எடுத்து அவள் நெஞ்சில் வைத்தான். பார்க்காத பிள்ளை முதன்முதலில் வந்து மேலே படுத்ததும் அவள் அப்படியே உறைந்துபோனாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையும் காற்றில் நின்றன. எண் நின்றது. பிறகு இறங்கியது. இன்னும் இறங்கியது. மெஷின் கத்த ஆரம்பித்தது.

"எடுங்க! என்கிட்ட வேணாம், எடுத்துக்குங்க!" என்று அவள் அலறினாள்.

நர்ஸின் விரல் பாதத்துக்குப் போய்விட்டது. குருவியின் இரண்டு கையும் முன்னால் வந்தன. வந்த கை நின்றது. அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். பொத்தென்று அவள் எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"நீ மூச்ச விடு" என்றான். "நீதான் மூச்ச அடக்கிட்டிருக்க. பயத்துல அடக்கிட்டிருக்க. நீ விட்டாத்தான் அவளுக்கு ஞாபகம் வரும். என்னப் பாத்து விடு."

அவள் வாயைத் திறந்தாள். முதலில் விம்மல்தான் வந்தது. அடுத்து ஒரு பெரிய மூச்சு உள்ளே போய், வெளியே வந்தது. அவள் மார்பு எழும்பி இறங்கியது, அதன் மேல் இருந்த குல்லாவும் எழும்பி இறங்கியது. இன்னொரு மூச்சு. குல்லாவுக்கு அடியில் அந்தச் சின்ன முதுகு தானாக ஒரு தடவை விரிந்தது. மறுபடி விரிந்தது. நர்ஸ் விரலை எடுத்துவிட்டார். மெஷின் அடங்கியது. பச்சை எண் படிப்படியாக ஏறி, குருவியிடம் நின்ற இடத்துக்கே வந்து நின்றது. காற்றில் நின்ற இரண்டு கையும் மெல்ல இறங்கிக் குழந்தையின் மேல் படிந்தன. நான் என் வாழ்நாளில் எத்தனையோ சுமை இறங்கிப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. 

அவள் கண்ணைத் திறக்காமலே, "நல்லா கனமா இருக்கா" என்றாள். ஒன்றரைக் கிலோகூட இல்லை அது.

குருவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அங்கே வேலை இல்லை. சட்டையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தான், நானும் பின்னாலேயே வந்தேன். சட்டையை மாட்டினான். பொத்தான் போடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அவ்வளவு பெரிய முதுகு குலுங்கியது.

"என்னடா, நல்லதுதானே நடந்திருக்கு? இப்ப எதுக்குடா அழற?"

அவன் திரும்பினான். நெஞ்சுக்கு நடுவில், இத்தனை நாளாக அவள் படுத்திருந்த இடத்தில், உள்ளங்கையை வைத்திருந்தான்.

"இங்க சில்லுன்னு இருக்குக்கா" என்றான்.

"எருமை, பொத்தானப் போடுடா" என்று திட்டினேன். அவன் விரலுக்குப் பொத்தான் துளையில் நுழையவே இல்லை. நானே போட்டுவிட்டேன்.